சோறு தேறிப்போன பிறகு

'ஐலண்ட் ஆஃப் த ப்ளூ டால்ஃபின்ஸ்' நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தனிமையைப் பற்றியே பேசுகிறார்கள். 18 வருஷம் ஒரு தீவில் தன்னந்தனியாக இருந்த பெண், காட்டுநாயைப் பழக்கித் துணையாக்கிக்கொண்ட பெண், மனம் தளராத பெண். பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் கொடுக்கும்போதும் அப்படிச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள்: இது துணிச்சலின் கதை, தாக்குப்பிடித்தலின் கதை. எனக்கு அது போதவில்லை. இந்த நாவலின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது, எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்ற எண்ணம் கடந்த கோடையிலிருந்து என்னை விடவே இல்லை. எழுதினால்தான் தெளியும் போலிருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்காட் ஓடெல் 1960ல் எழுதியது. மறுவருஷமே அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குக் கொடுக்கிற நியூபெரி பதக்கம் வாங்கியது. கலிஃபோர்னியா கரையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சான் நிக்கோலஸ் தீவில் நடக்கிறது. கரானாவுக்கு 12 வயது. நீர்நாய்த் தோலுக்காக வந்த, அலாஸ்கா பக்கத்துத் தீவுகளைச் சேர்ந்த அலூட் வேட்டைக்காரர்களுக்கும் ஊருக்கும் பங்குத் தகராறு முற்றி, ஊர் ஆண்களில் பெரும்பாலோர் கரையிலேயே சாகிறார்கள். அதில் ஊர்த்தலைவரான அவளுடைய அப்பாவும் ஒருவர். பின்னால் ஒரு கப்பல் வந்து மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. தம்பி கரையில் விடுபட்டுப்போனான் என்று தெரிந்ததும் கரானா கடலில் குதித்துத் திரும்பிவிடுகிறாள். அந்தத் தம்பியையும் காட்டுநாய்கள் கொன்றுவிடுகின்றன. அப்புறம் அவள் மட்டும்தான்.

இதை நான் தனியாக உட்கார்ந்து படிக்கவில்லை. அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்த விடுமுறையில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தாள். நாங்கள் இருவரும் இராமநாதபுரத்திலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். ஊர் என்றால் பாம்பனுக்குக் கிட்டத்தில், தென்கடலைப் பார்த்த ஒரு குடியிருப்பு. என் அம்மாவின் தங்கை அங்கேதான் இருக்கிறார். எனக்குச் சின்னம்மா, அவளுக்கு அம்மாச்சி. கடற்பாசி எடுக்கிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தச் சமயத்தில் பாசிக்காரப் பெண்களும் பாசி வளரட்டும் என்று தாங்களாகவே கடலில் இறங்காமல் இருக்கிறார்கள். அதனால் மத்தியானங்களில் சின்னம்மா வீட்டுத் திண்ணையில் ஆள் இருந்தது. அக்கா மகள் ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பாள், நான் தமிழில் சொல்வேன். சின்னம்மாவும் அவரோடு வள்ளத்தில் போகிற இரண்டு மூன்று பேரும் வலை பின்னிக்கொண்டும் மீன் அரிந்துகொண்டும் கேட்பார்கள்.

இலக்கியக் கூட்டங்களில் நான் பார்க்காத ஒன்றை அந்தத் திண்ணையில் பார்த்தேன். அவர்கள் எதற்கும் விளக்கம் கேட்கவில்லை. பாறையில் ஒட்டிக்கிடக்கிற சிப்பியைக் கரானாவின் ஊர்ப் பெண்கள் பெயர்த்தெடுப்பது, மீனைக் காயவைப்பது, காற்று மாறினால் வெளியே போகாமல் இருப்பது எல்லாம் அடுத்த தெரு விஷயம்போலப் போயிற்று. கரானா தனியாக ஒரு படகைத் தள்ளிக்கொண்டு கிழக்கே போகப் பார்க்கிற அத்தியாயத்தில்தான் எல்லாருடைய கையும் நின்றது. பலகை இடுக்கில் தண்ணீர் கசிகிறது. அவள் பாவாடை நாரைக் கிழித்து இடுக்கில் திணிக்கிறாள், தண்ணீரை இறைக்கிறாள், மறுபடி கசிகிறது. "ராத்திரியா பகலா?" என்று ஒருவர் கேட்டார். ராத்திரி போய் விடிந்துவிட்டது என்றேன். "அப்ப நட்சத்திரத்த வச்சுப் போயிருக்கா. திரும்புறதுதான் புத்தி" என்றார். கரானாவும் திரும்புகிறாள், ஓங்கில்கள் கூடவே வர. எங்கள் பக்கம் டால்ஃபினை அப்படித்தான் சொல்வோம். ஓங்கில் கூட வந்தால் நல்லது என்று அவளுடைய ஆட்களும் நம்பினார்கள் என்பதைக் கேட்டு ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தலையாட்டினார்.

கிம்கி செய்த ஏற்பாடு

நான் சொல்ல வந்த இடம் இதற்கெல்லாம் முன்னால், நாவலின் தொடக்கத்தில் இருக்கிறது. ஒன்றிரண்டு பத்திதான். சண்டையில் ஆண்கள் செத்த பிறகு கிம்கி என்ற முதியவர் தலைவராகிறார். ஆள் குறைந்துவிட்டது, குளிர்காலத்துக்குச் சாப்பாடு சேர்க்க வேண்டும். அதனால் இதுவரை ஆண்கள் மட்டுமே செய்த வேலைகளைப் பெண்களும் செய்யட்டும் என்று பிரித்துக் கொடுக்கிறார். பெண்கள் வேட்டைக்கும் மீனுக்கும் போகிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள், சாப்பாடு தேவைக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. ஆனால் ஊரில் நிம்மதி இல்லை. எங்கள் வேலையை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று மிஞ்சிய ஆண்கள் முணுமுணுக்கிறார்கள். கிம்கி மறுபடி வேலையைப் பிரிக்கிறார்: இனி ஆண்கள் வேட்டையாடட்டும், பெண்கள் கரையில் சேகரிக்கட்டும். குளிர்காலத்துக்கு வேண்டியது ஏற்கனவே இருப்பில் இருந்தது, ஆகவே யார் வேட்டைக்குப் போனாலும் அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று கரானா சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறாள்.

நானும் அடுத்த பத்திக்குப் போகப் பார்த்தேன். சின்னம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இரு. அதத் திரும்பச் சொல்லுத்தா" என்றார். திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சோறு தேறிப்போச்சு. பெறகு பொம்பள எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிபார்க்கிறவர் ஓர் எண்ணைப் படித்துச் சொல்வதுபோல இருந்தது.

அந்த ஒரு வரிதான் எனக்கு இந்த நாவலைத் திறந்து காட்டியது. கரானா பின்னால் செய்யப்போகிற எல்லாவற்றுக்கும் வித்து அந்தப் பத்தியில் இருக்கிறது. பெண்களால் முடியும் என்பது அங்கேயே நிரூபணமாகிவிட்டது. அவள் தனியாக நின்று நிரூபிக்க ஒன்றுமே பாக்கி இல்லை. முடியும் என்று தெரிந்த பிறகும் வேலை திரும்பப் பிடுங்கப்பட்டது. தேவை இருந்தவரை அனுமதி, தேவை தீர்ந்ததும் மரபு. 12 வயதுப் பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், புகார் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பருவம் வருவதைப் பற்றி எத்தனையோ நாவல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு காதல், ஒரு சாவு, ஒரு பயணம் என்று பெரிய சம்பவத்தில்தான் பிள்ளை வளர்வாள். இங்கே அவள் வளரத் தொடங்குவது ஒரு வேலைப் பங்கீட்டைக் கவனித்ததில் என்று நான் நினைக்கிறேன்.

சின்னம்மா ஏன் அங்கே நின்றார் என்பது எனக்குத் தெரியும். அவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே தன் அம்மாவோடு பாசிக்குப் போனவர். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் போகவில்லை. சித்தப்பா உடம்புக்கு முடியாமல் படுத்ததும் மறுபடி இறங்கினார். அந்த வருஷங்களில் வீடு பாசியில்தான் ஓடியது. மருந்து, வட்டி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவர் கடலுக்கடியிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்தவை. அகர் என்கிற உறைகூழ் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசிக்கு நல்ல விலை, கட்டக்கோரைக்கு அதைவிடக் குறைவு. எதுவானாலும் கரையில் கொட்டிக் காயவைத்து வியாபாரியிடம் எடை போட்டால்தான் காசு. அப்புறம் தம்பி, அதாவது சின்னம்மாவின் மகன், விசைப்படகில் பங்குக்குப் போனான். சில வருஷத்தில் கூட்டாகச் சேர்ந்து ஒரு நாட்டுப்படகும் வாங்கினான். ஒருநாள், "போதும்மா, இனிமே நீ கடலுக்குப் போக வேணாம். ஊர்ல என்ன பேசுவாக, மகன் சம்பாதிச்சும் ஆத்தாளத் தண்ணிக்குள்ள இறக்குறான்னுதான?" என்றான்.

அவன் நல்ல பிள்ளை. அம்மா மேல் அவனுக்கு உள்ள பாசத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இதைச் சொல்கிறபோது அவன் கண் கலங்கியிருந்தது. கிம்கியும் கெட்டவர் இல்லை. நாவலில் அவர் தன் மக்களுக்காக வயசான காலத்தில் தனியாகப் படகேறிக் கிழக்கே போகிறவர். அந்தக் கப்பலை அனுப்பி வைத்ததே அவர்தான். அதனால்தான் எனக்கு அந்தப் பத்தி இவ்வளவு கனக்கிறது. வேலையை எடுத்துக்கொள்கிறவர் வில்லனாக இருந்தால் சண்டை போடலாம். அன்பாக, மரியாதையாக, உன் நன்மைக்காக என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? மகனுக்குப் பொறுப்பு வந்ததும் அதுவரை வீட்டைக் காப்பாற்றிய வேலை ஒரே நாளில் வெட்கப்பட வேண்டிய வேலையாகிவிட்டது. சின்னம்மா கொஞ்ச நாள் வீட்டில் இருந்து பார்த்தார். பிறகு, "வீட்ல இருந்தா முட்டி வலிக்குது, தண்ணிக்குள்ள வலிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்றுவரை போகிறார்.

அவர் கிளம்புகிறதைப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து பழைய சேலையைக் கிழித்த துணியை ஒவ்வொரு விரலாகச் சுற்றுவார். பார், அதாவது கடலடிப் பாறை, அவ்வளவு கூர்மை. துணி இல்லாமல் போனால் விரல் நுனி பிய்ந்துவிடும். துணிக்கு மேல் உறை. சேலையை உடம்போடு இறுக்கிக் கட்டி மேலே தம்பியின் பழைய முழுக்கைச் சட்டை. சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும், அதற்கு. நெற்றியில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. முடியை உச்சியில் முடிந்து துண்டால் கட்டுவார். வள்ளத்தில் ஏறும்போது அவர் முகத்தில் இருக்கிற கவனத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை, வீட்டு விசேஷங்களில்கூட.

ஈட்டி

சரி, எல்லாரும் கொண்டாடுகிற அத்தியாயத்துக்கு வருகிறேன். தம்பி செத்த பிறகு கரானாவுக்கு ஆயுதம் வேண்டும், அந்த நாய்க்கூட்டத்தைத் தீர்க்க வேண்டும். ஆண்கள் விட்டுப்போன ஆயுதம் எங்காவது கிடக்கிறதா என்று தேடுகிறாள். வேட்டைக்காரர்கள் விட்டுப்போன பெட்டி ஒன்று கிடைக்கிறது, உள்ளே மணியும் நகையும்தான். போட்டுப் பார்க்கிறாள். அழகாக இருக்கிறது. செத்தவர்களின் நினைவு வந்து எல்லாவற்றையும் ஆழத்தில் எறிந்துவிடுகிறாள். வேறு வழியில்லை, தானே செய்துகொள்ள வேண்டும். ஆனால் பெண்கள் ஆயுதம் செய்யக்கூடாது என்பது அவள் ஊர்ச் சட்டம். செய்தால் நாலு திசைக் காற்றும் சேர்ந்து வந்து மூச்சை அடைத்துவிடுமோ, பூமி அதிர்ந்து புதைத்துவிடுமோ, கடல் பொங்கி ஊருக்குள் வந்துவிடுமோ, ஆபத்தான நேரத்தில் ஆயுதம் கையிலேயே முறிந்துபோகுமோ என்று பயப்படுகிறாள். முறிந்துபோகும் என்று சொன்னது அப்பா.

கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றைப் பேர் சொல்லி அழைக்கிற, 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்த எங்கள் கரையில் இந்தப் பயத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடல் பொங்கி ஊருக்குள் வருவது இங்கே பாட்டி கதையில்லை, பாட்டிமார் கண்ணால் பார்த்தது. அதனால் அந்தப் பிள்ளையின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இந்த அத்தியாயத்தில் என்னைத் தொட்டது இன்னொன்று. அப்பா ஆயுதம் செய்வதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஆனாலும் எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் ஒருநாளும் இதைச் செய்யப்போவதில்லை என்று நினைக்கிற கண்ணால் பார்த்திருக்கிறாள், அதனால் எதுவும் மனதில் தங்கவில்லை. இந்த இடத்தை மொழிபெயர்த்துச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மியது. நான் கடற்கரையில் பிறந்தவள். சின்னம்மா விரலில் துணி சுற்றுவதை ஆயிரம் முறை பார்த்தவள். நான் படித்து வேலைக்குப் போக வேண்டியவள் என்று வீட்டில் முடிவான நாளிலிருந்து நானும் அந்தக் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். மரிக்கொழுந்துக்கும் கஞ்சிப்பாசிக்கும் வித்தியாசம் தெரியும், தண்ணீருக்குள் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியாது.

ஓடெலோடு நான் முரண்படுவதும் இங்கேதான். கரானா ஈட்டி செய்கிறாள், வில் செய்கிறாள், வீடு கட்டுகிறாள், படகைச் சீர்செய்கிறாள். எதையும் யாரும் அவளிடமிருந்து திரும்ப வாங்கவில்லை, ஏனென்றால் வாங்க ஆளே இல்லை. ஒரு பெண்பிள்ளை முழுசாக வளர ஊரே காலியாக வேண்டியிருக்கிறது. கிம்கியும் அப்பாவும் தம்பியும் முணுமுணுத்த ஆண்களும் எல்லாரும் கதையை விட்டுப் போன பிறகுதான் ஆசிரியரால் அவள் கையில் ஈட்டியைக் கொடுக்க முடிந்தது. இது அழகான தீர்வு. ஆனால் எளிதான தீர்வு. பின்னால் அவள், நீர்நாயையும் கடல்நாயையும் பறவைகளையும் இனிக் கொல்வதில்லை என்று முடிவெடுக்கிறாள். அக்கா உலாபே இதைக் கேட்டால் சிரிப்பாள், மற்றவர்களும் சிரிப்பார்கள், எல்லாரையும்விட அப்பா அதிகமாகச் சிரிப்பார் என்று நினைத்துக்கொள்கிறாள். சிரிப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

இங்கே சிரிக்க ஆள் இருந்தது. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள். 1986ல் அவை கடல் தேசியப் பூங்காவாயின. தீவுகளில் இறங்கக்கூடாது என்று ஆனது. பாசிக்காரப் பெண்கள் தொழிலை விடாமல், கடலையும் அழிக்காமல் எப்படிப் பிழைப்பது என்று தங்களுக்குள் பேசி விதி வைத்துக்கொண்டார்கள்: இரும்பால் சுரண்டக்கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும், மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்க வேண்டும், குருத்துவிடுகிற காலத்தில் விட்டுவிட வேண்டும். குடிகாரப் புருஷன், கடன்கொடுத்த வியாபாரி, கேலி பேசுகிற கரை, கேட்க ஆளில்லாத அலுவலகம், எல்லாவற்றுக்கும் நடுவில் எடுத்த முடிவு இது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ல், தீவுகளின் சூழலைக் காக்கிற சீகாலஜி அமைப்பின் பரிசு கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். அந்த அமைப்பு இருப்பது பெர்க்லியில், கரானாவின் தீவு இருக்கிற அதே கலிஃபோர்னியாவில். இதைத் திண்ணையில் சொன்னபோது அக்கா மகள்தான் அதிகமாக ஆச்சரியப்பட்டாள். மற்றவர்களுக்கு லட்சுமி ஏற்கனவே தெரிந்தவர்.

அதனால் நான் படிக்க ஆசைப்படுகிற நாவல் வேறு. பத்துப் பேர் ஏறிய வள்ளத்தில் ஒரு பிள்ளை வளர்கிற நாவல். பக்கத்தில் ஒருத்தி திட்டிக்கொண்டு, ஒருத்தி பாட்டுப் பாடிக்கொண்டு, ஒருத்தி மருமகளைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டு வர, திருக்கை இருக்கிற இடத்தை ஒரு கிழவி கை நீட்டிக் காட்ட, தன் முதல் முங்கலில் ஒரு பிடி பாசியோடு மேலே வருகிற பிள்ளையின் கதை. வீட்டுக்குப் போனால் அவளைத் தடுக்க அண்ணன் இருப்பான், அவனுக்கும் பாசம் இருக்கும். அந்த வீட்டுக்குள் அவள் எப்படி வளர்கிறாள் என்று எழுதுவது ஆளில்லாத தீவில் எழுதுவதைவிடக் கஷ்டம். எழுதினால் நான் வரிசையில் நின்று வாங்குவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் புத்தகத்தை அமெரிக்கப் பூர்வகுடி ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள், டெபி ரீஸ் அவர்களில் முக்கியமானவர். ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கையை வெளியாள் ஒருவர் தன் கற்பனையால் இட்டு நிரப்பிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கடற்கரை ஆட்கள் என்றால் புயலும் சாவும் பேயூரும்தான் என்று வெளியூர்க்காரர்கள் எழுதியதைப் படித்து வளர்ந்தவள் நான். தனுஷ்கோடியை ஆளில்லாத ஊர் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள், அங்கே மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொண்டு, வலை போட்டுக்கொண்டு குடும்பங்கள் இருக்கின்றன. பெண்கள் ஆயுதம் செய்யக்கூடாது என்ற சட்டம் கரானாவின் ஆட்களுடையதா, 1960ல் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து எழுதியவருடையதா என்ற கேள்வியோடுதான் அந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.

கப்பல் வந்த பிறகு

முடிவு எல்லாருக்கும் தெரியும். கப்பல் வருகிறது. கரானா நீலக் களிமண்ணைக் குழைத்து மூக்குக்கும் கன்னத்துக்கும் குறுக்கே கோடு போட்டுக்கொள்கிறாள். அக்கா உலாபே போட்டுக்கொண்ட அதே கோடு, இன்னும் கல்யாணமாகாதவள் என்று காட்டுகிற அடையாளம். நீர்க்காகத்தின் இறகால் அவள் தைத்த பாவாடை இருக்கிறது. வந்தவர்கள் அது சரிப்படாது என்று இரண்டு கால்சட்டையை வெட்டி ஒட்டி ஓர் உடுப்புத் தைத்துக் கொடுக்கிறார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை, சூடாக இருக்கிறது, ஆனாலும் சிரித்துக்கொண்டு போட்டுக்கொள்கிறாள். எனக்கு அந்தச் சிரிப்பில் கிம்கியின் ஊர் திரும்ப வந்துவிட்டது. 18 வருஷத்தில் முதல்முதலாக, நீ செய்தது போதும், இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள்.

நிஜத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. இந்த நாவலுக்கு அடிப்படையான, 1835ல் தீவில் விடுபட்டு 1853ல் மீட்கப்பட்ட நிஜப் பெண்ணுக்கு ஹுவானா மரியா என்று கிறிஸ்தவப் பேர் வைத்தார்கள். அவளுடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. சாண்டா பார்பராவில் அவள் பேச்சு ஒருவருக்கும் புரியவில்லை. ஏழே வாரத்தில் சீதபேதியில் இறந்துபோனாள். அவள் மொழியில் மிஞ்சியது நாலு சொல்லும் இரண்டு பாட்டும். இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துத்தான் திண்ணையில் சொன்னேன். சின்னம்மா, "என்ன சோறு குடுத்தாகளோ" என்றார். "அம்புட்டு வருசம் மீனும் சிப்பியும் தின்ன உடம்பு. அவளையே சமைக்க விட்டிருக்கணும்."

அக்கா மகள் என்னோடு ஒத்துப்போகவில்லை. "நீங்க வேலைய மட்டும் பாக்குறீங்க சித்தி. முன்னாடி ஒரு கப்பல் வந்துட்டுப் போனப்ப அவ ஓடிவந்து, அது போயிருச்சுன்னு எவ்வளவு தவிச்சா? அவளுக்குப் பேச ஆள் வேணும்" என்றாள். டூடோக் வருகிற அத்தியாயத்தை எடுத்துக் காட்டினாள். டூடோக், அப்பாவைக் கொன்ற அலூட் கூட்டத்தோடு வந்த பெண். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஒரு கழுத்துமாலை கொடுத்து, சொல் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு பழகுகிறார்கள். ரகசியப் பேரை வெளியே சொன்னால் அதன் சக்தி போய்விடும் என்று நம்புகிற கரானா, அப்பா தன் ரகசியப் பேரைச் சொன்னதால்தான் செத்தார் என்று நினைக்கிற கரானா, தன் பேரை டூடோக்கிடம் சொல்கிறாள். ஈட்டி செய்ததைவிட அதுதான் பெரிய துணிச்சல் என்பது அக்கா மகளின் கட்சி. யோசித்துப் பார்த்தால் அவள் பக்கமும் பலம் இருக்கிறது. நான் கேட்கிற அந்தப் பத்துப்பேர் வள்ளத்தின் ஒரு மூலையாவது டூடோக் வந்துபோன அந்தச் சில நாளில் இருக்கிறது.

அந்த மே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அக்கா மகள் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றாள். பாசி எடுக்கிற காலம் இல்லை. சின்னம்மா சும்மா காட்டத்தான் கூட்டிப்போனார். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்து, குனிந்து ஒரு கல்லைத் தடவி அவள் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். "வேர் எங்க இருக்குன்னு மொதல்ல விரல்ல பாரு. இங்க பிடி. நகத்துக்கு மேல இருக்கிறத மட்டும் கிள்ளு. இழுத்தா கல்லோட வரும், அடுத்த வருசம் ஒண்ணும் இருக்காது." கிள்ளச் சொல்லவில்லை, பிடித்துப் பார்க்க மட்டும் விட்டார். அவள் முகத்தை நான் கரையிலிருந்து பார்த்தேன். செய்யப்போகிறவளின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். என் அக்கா இதைக் கேள்விப்பட்டு எனக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டாள். பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்கப் பார்க்கிறேன், நீங்கள் கடலுக்குள் இறக்குகிறீர்களா என்று. அக்காவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பார் கிழித்த தழும்பு எங்கள் அம்மாவின் காலிலும் இருந்தது. ஆனால் படிப்பதற்கும் தண்ணீரைத் தெரிந்துகொள்வதற்கும் நடுவில் யார் சுவர் வைத்தது என்று அக்காவிடம் கேட்டேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

ஓடெலுக்கும் இந்தக் கதை முடியவில்லை போலிருக்கிறது. 16 வருஷம் கழித்து, 1976ல், 'ஸியா' என்ற தொடர்ச்சியை எழுதினார். கரானாவின் உடன்பிறந்தாள் மகள் சொல்கிற கதை அது. மீட்கப்பட்ட கரானா கிறிஸ்தவ மிஷன் வாழ்க்கையில் பொருந்த முடியாமல் கடலோரக் குகைக்குப் போய்விடுகிறாள். முதல் நாவல் கப்பலோடு நிறுத்திக்கொண்டதை இது தொடர்ந்து சொல்கிறது என்பதாலேயே எனக்கு இதன்மேல் மரியாதை. அடுத்த தடைக்காலத்தில் இதைப் படிப்பதாக ஏற்பாடு. புத்தகம் இராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை, மதுரையில் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த முறை அக்காவையும் திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.